பூண்டியில பனி இருக்கு, ஸ்னோ இல்ல: ஐவி கிளம்புறவங்களுக்கு ஒரு வார்த்தை

ஒவ்வொரு ஜனவரியிலும் நம்ம கிளாஸ் குரூப்ல ஒரு வீடியோ தவறாம வந்துடும். கொடைக்கானல் மேல்மலைப் பக்கம், விடியக்காலை நேரம், புல்வெளி முழுக்க உப்பைத் தூவி வச்ச மாதிரி வெள்ளையா இருக்கும். மேல பெருசா "மினி காஷ்மீர்"னு எழுதியிருக்கும். உடனே நாலு பேர் என்னை டேக் பண்ணி, "உங்க ஊர்ல ஸ்னோ விழுதாமே, போர்டு எடுத்துட்டு வரவா?"னு கேப்பாங்க.

என் ஊர் பூண்டி. கொடைக்கானல்ல இருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சின்னு உள்ள போயிட்டே இருந்தா வர்ற மலைக் கிராமம். மலைப்பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ் போடுற ஊர். அங்க பிறந்து வளர்ந்தவங்கற முறையில சொல்றேன்: எங்க ஊர்ல பனி இருக்கு. ஸ்னோ இல்ல. ரெண்டும் வேற வேற.

இந்த வித்தியாசத்தைச் சொல்லிட்டுப் போறது மட்டும் என் நோக்கம் இல்ல. இந்த வருஷமும் ஐவி லிஸ்ட்ல குலு மணாலிதான் முதல்ல நிக்குது. மூணாம் வருஷம் நாங்க போனோம், அடுத்து நீங்க போவீங்க. போறவங்க கிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான். ஸ்னோ இருக்கற இடத்துக்கு அவ்வளவு தூரம் போய், வாடகைக் கோட்டுல போட்டோ மட்டும் எடுத்துட்டு வராதீங்க. ஒரே ஒரு நாளை ஒதுக்கி, ஸ்னோபோர்டோட அடிப்படையை முறையா கத்துக்கிட்டு வாங்க. அந்த அடிப்படை, வேகமா போறது இல்ல. விழறதும் நிக்கறதும்.

தமிழ்ல எல்லாமே பனிதான்

குழப்பம் மொழியிலயே ஆரம்பிக்குது. புல் மேல நிக்கற துளியும் பனி. கண்ணை மறைக்கிற மூட்டமும் பனி. வெள்ளையா உறையறதும் பனி. இமயமலைல கொட்டறதும் பனி. மார்கழி, தை முன்பனிக்காலம். மாசி, பங்குனி பின்பனிக்காலம். இந்தக் காலங்களுக்குப் பேர் வச்சவங்க மனசுல இருந்த பனி, பெரும்பாலும் துளியும் மூட்டமும்தான். ஸ்னோபோர்டுக்கு வேண்டிய பனி வேற.

பூண்டியில நடக்கறது உறைபனி. வடகிழக்குப் பருவமழை ஓய்ஞ்ச பிறகு, டிசம்பர் கடைசியிலயும் ஜனவரியிலயும் வானம் சுத்தமா இருக்கும். மேகம் இல்லாத ராத்திரியில தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுட்டே இருக்கும். மேகம் இருந்தா அது போர்வை மாதிரி அந்தச் சூட்டைத் திருப்பி அனுப்பும். மேகமும் இல்ல, காத்தும் இல்லன்னா, தரையை ஒட்டின காத்து குளிர்ந்து, கனமாகி, பள்ளமான இடத்துல போய்த் தேங்கும். அந்தப் பள்ளத்துல இருக்கற இலையும் புல்லும் பூஜ்யம் டிகிரிக்குக் கீழ போனா, ஈரம் அப்படியே இலை மேல படிகமா உறையும். வெயில் ஏறினதும் காணாமப் போயிடும்.

ஸ்னோ விழணும்னா மேகம் வேணும். எங்க ஊர்ல உறையணும்னா மேகம் இருக்கக் கூடாது. எந்த ராத்திரி பூண்டி வெள்ளையாகுதோ, அதே ராத்திரி அங்க ஸ்னோ விழ வாய்ப்பே இல்லாத ராத்திரி. இது தெரிஞ்சா "மினி காஷ்மீர்"ங்கற வார்த்தை கொஞ்சம் சிரிப்பா இருக்கும்.

"உயரம் பத்தலையா?"ன்னு கேப்பீங்க. உயரத்தை மட்டும் பாத்தா பெரிய வித்தியாசம் இல்ல. கொடைக்கானல் கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,100 மீட்டர். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர். ஆனா கொடைக்கானல் இருக்கறது 10 டிகிரி அட்சரேகையில, குல்மார்க் 34-ல. நம்ம பக்கம் காத்து பூஜ்யம் டிகிரிக்கு வர்ற உயரம் 4,500 மீட்டருக்கு மேல. நம்ம மலை அதுல பாதிகூட இல்ல. குல்மார்க்குக்குக் குளிர்காலத்துல மேற்கத்திய இடையூறுகள்னு சொல்ற மழை மேகங்கள் மத்திய தரைக்கடல் பக்கத்துல இருந்து வரும். குளிரும் ஈரமும் ஒரே நேரத்துல அங்க சேருது. எங்க ஊர்ல ஈரம் வரும்போது குளிர் பத்தாது, குளிர் வரும்போது ஈரம் மேல இருந்து விழாது.

பனியைப் பார்க்கிறதும் பனியோட பழகறதும்

உறைபனியை ரீல்ஸ்ல பாக்கறவங்களுக்கு அது அழகு. எங்க வீட்டுல அது ஒரு செலவு. உருளை, பீன்ஸ் செடி இலைக்குள்ள இருக்கற தண்ணி உறைஞ்சு செல்லைக் கிழிச்சிடும். வெயில் பட்டதும் இலை கொதிக்கற தண்ணி ஊத்தின மாதிரி துவண்டு, கருத்துடும். "பனி கருக்கிடுச்சு"ன்னு எங்க ஊர்ல சொல்வாங்க. அதனால விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு ஸ்பிரிங்க்ளரைத் திறந்து விட்டு இலையை நனைப்பாங்க. தண்ணி உறையும்போது ஒரு கிலோவுக்கு 334 கிலோ ஜூல் வெப்பத்தை வெளிய விடும்னு நம்ம தெர்மோடைனமிக்ஸ்ல படிச்சோமே, அந்தக் கணக்கை எங்க அப்பா சமன்பாடு இல்லாம செய்றாரு.

இப்படி ஒரு வீட்டுல இருந்து போய், "அப்பா, நான் ஸ்னோபோர்டு கத்துக்க குல்மார்க் போறேன்"னு சொன்னா எப்படி இருக்கும்? அப்பா கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம் சொன்னாரு: "ஏன் பாப்பா, இங்க நாம பனிக்குப் பயந்து ராவெல்லாம் முழிச்சிருக்கோம். நீ காசு குடுத்துப் பனியைத் தேடிப் போறியா?"

அந்தக் கேள்விக்கு என்கிட்ட சுலபமான பதில் இல்ல. ஆனா அவர் பனியைப் பாக்கற விதத்துல ஒரு விஷயம் இருக்கு. அவருக்கு அது காட்சி இல்ல. எந்தப் பள்ளத்துல முதல்ல உறையும், எந்த மேட்டுல உறையாது, காத்து அடிச்சா என்ன ஆகும், எத்தனை மணிக்குத் தண்ணி விடணும்னு அவருக்குத் தெரியும். அவர் பனியோட பழகினவர். நாம மணாலிக்குப் போய்ப் பண்றது அதுக்கு நேர் எதிர்.

ஐவி ஸ்னோ பாயின்ட் எப்படி இருக்கும்னு போனவங்களுக்குத் தெரியும். வழியில ஒரு கடையில பஸ்ஸை நிறுத்துவாங்க. கலர் கலரா கோட்டும் ரப்பர் பூட்ஸும் வாடகைக்கு. மேல போனதும் ஒருத்தர் கையைப் பிடிச்சு, காலுல ஸ்கீயை மாட்டி, பத்துப் பதினைஞ்சு அடி இழுத்துட்டுப் போவாரு. இன்னொருத்தர் போட்டோ எடுப்பாரு. "முடிஞ்சுது, அடுத்தவங்க வாங்க." நாப்பது பேருக்கு ரெண்டு மணி நேரம், அதுல முக்கால்வாசி வரிசையில நிக்கறது. திரும்பி வந்து ஸ்டேட்டஸ்ல "ஸ்கீயிங் டன்"னு போடுவோம். எதையும் செய்யல. நம்மளை வச்சு யாரோ செஞ்சாங்க.

அந்த அண்ணன்களைக் குறை சொல்லல. அவங்களுக்கு அது குளிர்கால வருமானம். நாம கேக்கறதைத்தான் அவங்க விக்கறாங்க. நாம வேற ஒண்ணைக் கேக்கலாம்ங்கறதுதான் என் கட்சி.

முதல்ல நிக்கக் கத்துக்கறது ஏன்?

ஒரு சின்னக் கணக்கு. மூணு மாடிக் கட்டட உயரம், சுமார் 10 மீட்டர், கீழ இறங்கற சரிவுன்னு வச்சுக்கோங்க. உராய்வே இல்லன்னா அடியில வேகம் நொடிக்கு 14 மீட்டர். அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர். உராய்வும் காத்தும் பாதி ஆற்றலைத் தின்னுட்டாக்கூட மணிக்கு 36 கிலோமீட்டர் இருக்கும். தொடக்கக்காரங்க சரிவு பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா பத்து மீட்டர் இறக்கம் அங்கயும் சாதாரணம். பிரேக் இல்லாத பைக்கை மலைப்பாதையில யாரும் உருட்ட மாட்டோம். ஸ்னோல மட்டும் "விடு மச்சான், பாத்துக்கலாம்"னு விடறோம்.

ஸ்னோபோர்டுல பிரேக்னு தனியா எதுவும் கிடையாது. போர்டோட விளிம்புதான் பிரேக், அதுதான் ஸ்டியரிங். 1965-ல அமெரிக்காவோட மிச்சிகன்ல ஷெர்மன் பாப்பன்ங்கற எஞ்சினியர் தன் பொண்ணுக்காக ரெண்டு ஸ்கீயை ஒண்ணா சேர்த்துக் கட்டினாரு. ஸ்னோவையும் சர்ஃபையும் சேர்த்து அதுக்கு "ஸ்னர்ஃபர்"னு பேர் வந்துச்சு. அதுக்கு முனையில ஒரு கயிறு, கையில பிடிச்சுக்க. பிறகு காலை இறுக்கிப் பிடிக்கிற பைண்டிங்கும், பக்கத்துல ஸ்டீல் விளிம்பும் வந்த பிறகுதான் ஆளு சொன்ன பேச்சை போர்டு கேக்க ஆரம்பிச்சுது. 1998 நாகானோ ஒலிம்பிக்ஸ்ல ஸ்னோபோர்டு ஒரு போட்டியாவே வந்துடுச்சு.

மெக்கானிக்கல் பசங்களுக்கு இது பிடிக்கும்: போர்டு ரெண்டு முனையிலயும் அகலம், நடுவுல ஒடுக்கம். பக்கவாட்டு விளிம்பு ஒரு பெரிய வட்டத்தோட துண்டு. போர்டைச் சாய்ச்சா அந்த வளைவு ஸ்னோல பதிஞ்சு, அதுவே உங்களைத் திருப்பும். போர்டைத் தட்டையா வச்சா அதுக்குத் திசையே கிடையாது. சரிவு எந்தப் பக்கம் செங்குத்தோ அந்தப் பக்கம் போகும், நடுவுல சுத்தவும் செய்யும். "ஒண்ணுமே பண்ணாம நேரா நிக்கறேன்"னு நினைக்கிற தொடக்கக்காரங்கதான் அதிகம் விழறாங்க. காரணம் இதுதான்.

முதல் நாள் பாடம்

போன ஜனவரியில நானும் என் சித்தி பொண்ணும் குல்மார்க்ல நாலு நாள் கத்துக்கிட்டோம். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அண்ணன் முதல் நாள் எங்களை லிஃப்ட் பக்கமே விடல. அன்னைக்குக் கடுப்பா இருந்துச்சு. இப்ப யோசிச்சா அந்த நாலு நாள்ல உருப்படியானது அந்த முதல் நாள்தான். அங்க சொல்லிக் கொடுத்ததும், பிறகு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதும் சேர்த்துச் சொல்றேன்.

எந்தக் கால் முன்னாடி: வழுவழுப்பான தரையில சாக்ஸ் போட்டு ஓடிச் சறுக்கிப் பாருங்க. தானா முன்னாடி போற கால் எதுவோ, பெரும்பாலும் அதுதான் முன்கால். இடதுகால் முன்னாடின்னா ரெகுலர், வலதுகால்னா கூஃபி. கூஃபின்னா தப்புன்னு அர்த்தம் இல்ல. ஹாஸ்டல் வராண்டாவுலயே இதைக் கண்டுபிடிச்சிடலாம்.

உடுப்பு: ஜீன்ஸ் வேண்டாம். முதல் நாள் பாதி நேரம் உக்காந்துதான் இருப்பீங்க. ஜீன்ஸ் ஈரத்தைக் குடிச்சு, உறைஞ்சு, காலோட ஒட்டிக்கும். தண்ணி ஏறாத பேன்ட், கையுறை, கண்ணாடி, ஹெல்மெட் இதெல்லாம் வாடகைக்குக் கேட்டு வாங்குங்க. பூட்ஸ்ல குதிகால் மேல தூக்கக் கூடாது. தளர்வா இருந்தா விளிம்பு உங்க பேச்சைக் கேக்காது. வெயில் ஸ்னோல பட்டுக் கீழ இருந்தும் முகத்துல அடிக்கும், அதனால சன்ஸ்கிரீன் கட்டாயம்.

விழறது: இதை நின்ன இடத்துலயே பழகணும். ஸ்னோபோர்டு தொடக்கக்காரங்களுக்கு அதிகம் அடிபடற இடம் மணிக்கட்டு. விழும்போது கையை ஊனறது மனுஷ இயல்பு. அதைத்தான் மாத்தணும். பின்னாடி விழுந்தா முகவாயை நெஞ்சுல சேர்த்து, உக்கார்ற மாதிரி இறங்கி, முதுகுல உருளணும். முன்னாடி விழுந்தா முட்டி, அப்புறம் முன்கை. விரலை விரிக்காம முஷ்டியை மூடிக்கணும். மணிக்கட்டுக் காப்பு கிடைச்சா போட்டுக்கோங்க. அது அடியைக் குறைக்குதுன்னு ஆராய்ச்சிகள்லயே நிரூபிச்சிருக்காங்க.

எந்திரிக்கறது: சிரிக்காதீங்க, இதுதான் முதல் மணி நேரத்துல பெரிய போராட்டம். ரெண்டு காலும் ஒரே பலகையில கட்டியிருக்கு. முதுகைச் சரிவுக்குக் காட்டி உக்காந்த நிலையில எந்திரிக்க வயித்துத் தசை வேணும். சுலபமான வழி, புரண்டு குப்புறப் படுத்து, முட்டி போட்டு, விரல் பக்க விளிம்பை ஸ்னோல ஊனி எந்திரிக்கறது.

ஒத்தைக்கால் நடை: முன்கால் மட்டும் கட்டி, பின்காலால தள்ளித் தள்ளி சமதரையில போகணும். ஸ்கேட்போர்டு தள்ளற மாதிரி. லிஃப்ட் வரிசையில நிக்கவும், இறங்கவும் இது இல்லாம முடியாது.

சைடுஸ்லிப்: இதுதான் முழுப் பாடத்தோட உயிர். ரெண்டு காலும் கட்டி, போர்டைச் சரிவுக்குக் குறுக்கா வச்சு நிக்கணும். கீழ பாத்து நிக்கறீங்கன்னா குதிகால் பக்க விளிம்பு ஸ்னோல பதிஞ்சிருக்கும். பாதத்தைக் கொஞ்சம் தட்டையாக்கினா மெதுவா நழுவுவீங்க. திரும்பக் குதிகாலை அழுத்தினா நிப்பீங்க. நழுவு, நில்லு. நழுவு, நில்லு. குழாயைத் திறந்து மூடற மாதிரி. முட்டி மடங்கி இருக்கணும், இடுப்பு மடங்கக் கூடாது, கண்ணு காலைப் பாக்கக் கூடாது. அப்புறம் இதையே மலையைப் பாத்து, விரல் பக்க விளிம்புல செய்யணும். கீழ என்ன இருக்குன்னு தெரியாம பின்னாடி நழுவறதால அது இன்னும் பயமா இருக்கும்.

இதுல ஒரே ஒரு விதி மறக்கக் கூடாது: எப்பவும் மேல் பக்க விளிம்புதான் ஸ்னோல பதியணும். கீழ் பக்க விளிம்பு ஒரு நொடி குத்திடுச்சுன்னா, தடுக்கி விழறது இல்ல, தூக்கி எறியும். தொடக்கக்காரங்க வாங்கற மோசமான அடி இதுலதான்.

சைடுஸ்லிப் கைவந்தா அடுத்தது உதிர்ற இலை மாதிரி இடதும் வலதுமா நழுவி இறங்கறது. இதுக்குப் பேரே "ஃபாலிங் லீஃப்". அதுக்கு அப்புறம் குறுக்கா கடக்கறது, அதுக்கு அப்புறம்தான் திருப்பம். திருப்பம் வரலன்னாக்கூட, ஃபாலிங் லீஃப் வந்தாலே ஒரு சாதாரணச் சரிவுல யாரையும் இடிக்காம, எலும்பு உடையாம நீங்களே கீழ வந்து சேரலாம். ஒரு நாள்ல இது வரும். என்ன, அடுத்த நாள் ஹாஸ்டல் மாடிப்படி ஏறும்போது தொடை உங்களைத் திட்டும்.

கடைசியா ஒரு சாலை விதி. நம்ம மலைப்பாதையில ஏறி வர்ற வண்டிக்கு இறங்கற வண்டி வழி விடணும். ஸ்னோலயும் கிட்டத்தட்ட அதே நியாயம்தான்: கீழ இருக்கறவங்களுக்கு முன்னுரிமை. சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தோட விதிகள்ல இது இருக்கு. மேல இருந்து வர்றவங்கதான் விலகிப் போகணும், ஏன்னா கீழ இருக்கறவங்களுக்கு முதுகுல கண்ணு இல்ல. நிக்கத் தெரியாதவங்க இந்த விதியைக் காப்பாத்தவே முடியாது. அதனாலதான் நிக்கக் கத்துக்கறது நமக்காக மட்டும் இல்ல, கீழ நிக்கற யாரோ ஒரு சின்னக் குழந்தைக்காகவும்தான்.

"வாழ்க்கைல ஒரு தடவைதானே போறோம்?"

இந்தக் கருத்தைச் சொன்னா வர்ற பதில்கள் எனக்குத் தெரியும். அதுல மூணுக்கு நேர்மையா பதில் சொல்லணும்.

முதல் பதில்: "திரும்ப எப்ப ஸ்னோவுக்குப் போகப் போறோம்? ஒரு தடவை போறதுக்குக் கத்துக்கிட்டு என்ன பண்ண?" இது நல்ல கேள்வி. என் பதில், ஒரு தடவைதான் போறோம்ங்கறதாலதான் கத்துக்கணும். போட்டோ எடுக்கற அந்தப் பத்து நிமிஷம் யாருக்கும் ஒரே மாதிரிதான் கிடைக்கும், யூடியூப்லயும் கிடைக்கும். உங்க காலுக்குக் கீழ விளிம்பு பதிஞ்சு, நீங்க நினைச்ச இடத்துல நீங்க நிக்கற அந்த நொடி வேற யாரும் எடுத்துத் தர முடியாது.

ரெண்டாவது: "இது பணக்காரங்க விளையாட்டு." ஆமா, செலவு பிடிக்கிற விளையாட்டுதான். மறைக்க ஒண்ணும் இல்ல. ஸ்னோபோர்டு கத்துக்காததால யாருடைய வாழ்க்கையும் குறைஞ்சு போகாது, அதுக்காகக் கடன் வாங்காதீங்க. ஆனா நான் பேசறது ஏற்கெனவே டெல்லி, மணாலின்னு காசு கட்டிப் போறவங்ககிட்ட. ஸ்னோ பாயின்ட்டு, ஸ்னோ பைக், சிப்லைன், குதிரை, கோட்டு, போட்டோ பிரேம்னு நாம தனித்தனியா கொடுக்கறதை ஒண்ணா சேர்த்துப் பாருங்க. நாலஞ்சு பேரா சேர்ந்து ஒரு பயிற்சியாளரை ஒரு நாளுக்குப் பேசறது அதுல இருந்து ரொம்பத் தூரம் இல்ல.

மூணாவது: "ஆபத்து." இதுவும் உண்மை. 2023 பிப்ரவரி 1-ந் தேதி குல்மார்க்ல அஃபர்வத் மலைப் பக்கம் பனிச்சரிவுல போலந்து நாட்டுக்காரங்க ரெண்டு பேர் இறந்தாங்க. கோண்டோலாவோட ரெண்டாம் கட்டத்துல ஏறினா, சமன் செய்யாத, கொட்டினபடியே கிடக்கற மலை. அனுபவம் உள்ளவங்களுக்கே அங்க வழிகாட்டி வேணும். தொடக்கக்காரங்களுக்கு அங்க வேலையே இல்ல, வேடிக்கை பாக்கப் போனாக்கூட போர்டோட இறங்க நினைக்காதீங்க. ஆனா கவனிங்க, அடிவாரத்துச் சின்னச் சரிவுல பயிற்சியாளரோட நிக்கற ஆளுக்கும், பாடமே இல்லாம "ட்ரை பண்ணலாம்"னு நண்பனோட போர்டைக் கட்டிக்கிட்டு மேல இருந்து வர்ற ஆளுக்கும், ஆபத்து ஒரே அளவு இல்ல. ஆபத்துங்கறது கத்துக்காம இருக்கறதுக்குக் காரணம் இல்ல. முறையா கத்துக்கறதுக்குத்தான் காரணம்.

கோவளம் நமக்குக் காட்டினது

"நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் செட் ஆகாது"ன்னு ஒரு நினைப்பும் உண்டு. கொஞ்சம் ஈசிஆர் பக்கம் பாருங்க. பலகை மேல பக்கவாட்டுல நின்னு சறுக்கறது, முட்டியை மடக்கிச் சமநிலை பிடிக்கறது, போற திசையைப் பாக்கறது, இது எல்லாம் சர்ஃபிங்லயும் உண்டு. ஸ்னர்ஃபர்ங்கற பேரே அங்க இருந்துதான் வந்துச்சு. கோவளத்துல மூர்த்தி மேகவன்ங்கற மீனவர் தானா சர்ஃபிங் கத்துக்கிட்டு, பிறகு ஊர்ப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சாரு. இன்னைக்கு அந்தக் கடற்கரையில இருந்தும், மாமல்லபுரத்துல இருந்தும் தேசிய அளவுல ஜெயிக்கிற ஆட்கள் வர்றாங்க. 2025 ஆகஸ்ட்ல ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பே மாமல்லபுரத்துல நடந்துச்சு.

அங்க நடந்தது அதிசயம் இல்ல. கடலோட ஏற்கெனவே பழகின ஆளுங்களுக்கு ஒரு பலகையும், முறையா சொல்லிக் கொடுக்க ஒரு ஆளும் கிடைச்சாங்க. மலைக்காரங்களுக்கு அந்த வாய்ப்பு அப்படியே கிடையாது, ஏன்னா எங்க மலையில ஸ்னோ இல்ல. அதனால "பூண்டியில பனிச்சறுக்கு பூங்கா வரணும்"னு நான் கேக்க மாட்டேன். இருக்கற புல்வெளியையும் தோட்டத்தையும் ரீல்ஸ் எடுக்கறவங்க கால்ல இருந்து காப்பாத்தறதே போதும். உறைஞ்ச இலை மேல கால் வச்சா அது நொறுங்கும். அது யாரோ ஒருத்தரோட கேரட் பாத்தின்னு வீடியோவுல தெரியாது. பூண்டிக்கு வாங்க, விடியக்காலை வெள்ளையைப் பாருங்க. ரோட்டுல நின்னு பாருங்க. போர்டு வேண்டாம்.

அப்ப என்ன பண்ணலாம்?

ஐவி கமிட்டியில இருக்கற ஜூனியர்களுக்கு நேரடியா சில விஷயங்கள்.

ஒண்ணு, திட்டத்துல ஒரு முழு நாளை ஒரே இடத்துக்குக் கொடுங்க. ஒரு நாள்ல நாலு பாயின்ட் பாக்கற டூர் கணக்கை அன்னைக்கு மட்டும் மறந்துடுங்க. ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல மாசம். எல்லாரும் வரணும்னு கட்டாயம் இல்ல. விருப்பம் உள்ளவங்க பத்துப் பேர் போதும், மத்தவங்க வழக்கம் போல சுத்திப் பாக்கட்டும்.

ரெண்டு, பயிற்சியாளர்கிட்ட பேசும்போது "எவ்வளவு தூரம் சறுக்க விடுவீங்க?"ன்னு கேக்காதீங்க. "முதல்ல நிக்கச் சொல்லிக் கொடுப்பீங்களா?"ன்னு கேளுங்க. அஞ்சு பேருக்கு மேல ஒருத்தர் பாத்துக்கறதா சொன்னா யோசிங்க. ஹெல்மெட் கேட்டு வாங்குங்க.

மூணு, ரெண்டு மாசம் முன்னாடியே காலைத் தயார் பண்ணுங்க. தினமும் குத்துக்கால் இட்டு எந்திரிக்கறது, ஒத்தைக்கால்ல நின்னு பல் விளக்கறது, கேம்பஸ்ல யார்கிட்டயாவது ஸ்கேட்போர்டு இருந்தா அதுல தள்ளிப் பழகறது. மூச்சு வாங்காம நாலு மாடி ஏறினா போதும், ஜிம் தேவையில்ல.

நாலு, உண்மையிலயே பிடிச்சுப் போனவங்களுக்கு அரசு நிறுவனங்கள் இருக்கு. குல்மார்க்ல 1968-ல இருந்து மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட இந்திய பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் இயங்குது. மணாலியில 1961-ல தொடங்கின, இப்ப அடல் பிகாரி வாஜ்பாய் பேர்ல இருக்கற மலையேற்ற நிறுவனம் இருக்கு. அவங்க சோலாங்ல ஸ்கீ அடிப்படைப் பயிற்சி நடத்தறாங்க. பயிற்சி ரெண்டு வாரம் மாதிரி போகும், தங்கறது சாப்பாடு அங்கயே. 2020-ல இருந்து நடக்கற கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுல ஸ்னோபோர்டும் ஒரு போட்டி. செமஸ்டர் லீவுல போற மாதிரி தேதி அமைஞ்சா, விண்ணப்பத்தை முன்கூட்டியே போடுங்க. சீக்கிரம் நிரம்பிடும்.

நாம எஞ்சினியரிங் படிக்கிறோம். நாலு வருஷமா எல்லாத்தையும் ஓவர்நைட்ல முடிச்சுப் பழகிட்டோம். யூனிட் டெஸ்ட்டுக்கு முந்தின ராத்திரி, புராஜெக்ட் ரிவியூவுக்கு முந்தின ராத்திரி. பாக்கறவங்க முன்னாடி தெரியாதவங்களா நிக்கறது இருபத்தொரு வயசுல கூச்சமா இருக்கு. ஸ்னோ அந்தக் கூச்சத்தைப் பத்திக் கவலைப்படாது. பக்கத்துல ஆறு வயசுப் பையன் சர்ருனு போவான், நீங்க இருவதாவது தடவையா உக்காந்திருப்பீங்க. இருபத்தோராவது தடவை நிப்பீங்க. அதை ஓவர்நைட்ல படிக்க முடியாது.

குல்மார்க்ல இருந்து வந்ததும் அப்பா கேட்டாரு, "என்ன கத்துக்கிட்ட?" "நிக்கக் கத்துக்கிட்டேன்"னேன். "நாலு நாளா?" "நாலு நாளாப்பா." அவர் கேலி பண்ணுவாருன்னு நினைச்சேன். "பரவால்ல, பனியில நிக்கறது லேசு இல்ல"ன்னாரு. இந்த வருஷம் மணாலி போறவங்க, திரும்பி வந்ததும் எனக்கு ஸ்டேட்டஸ் காட்ட வேண்டாம். எத்தனாவது தடவை நின்னீங்கன்னு மட்டும் சொல்லுங்க.